சும்மா ரெண்டு வரி

"அக்கா, நம்ம குரல் கலைஞர்கள் சந்திப்பு மலருக்கு சும்மா ரெண்டு வரி எழுதிக் குடுங்க"ன்னு உங்கள்ல ஒரு புள்ள போன் பண்ணிச்சு. எதைப் பத்திம்மான்னு கேட்டேன். "ஓசியில பேசிக் குடுங்கன்னு கேக்கறவங்களை எப்படிச் சமாளிக்கறதுன்னு"ன்னுச்சு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. அந்தப் புள்ளைக்குக் கடைசி வரைக்கும் நான் ஏன் சிரிச்சேன்னு புரியவே இல்லை. இதைப் படிக்கறப்பவாவது புரியட்டும்.

சரி, எழுதறேன். பேசிப் பொழச்சவ நான். எழுதுனாலும் பேசற மாதிரிதான் வரும். எங்கயாவது பிழை இருந்தா நீங்களே திருத்திக்கங்க, அதுவும் சும்மாதான்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நம்மகிட்ட சும்மா கேக்கறவங்க யாரும் கெட்டவங்க இல்லை. ஒரு கொத்தனார்கிட்ட போயி, "அண்ணே, இந்தப் பக்கமா போறப்ப சும்மா நாலு செங்கல் வெச்சுட்டுப் போங்க"ன்னு எவனும் கேக்க மாட்டான். நம்மகிட்ட கேப்பான். ஏன்னா நம்ம கடையே மூஞ்சியில இருக்கு. எப்படியும் பேசத்தான் போறீங்க, அதை இந்தப் போனைப் பார்த்துப் பேசுங்களேன்ங்கற நெனப்பு. ஒருதடவை பல் வலின்னு போனேன். டாக்டரம்மா என் வாயை ஆன்னு தொறக்க வெச்சுக்கிட்டு, "உங்க குரல்ல எங்க ஆஸ்பத்திரி போனுக்கு ஒரே ஒரு வரி…"ன்னு ஆரம்பிச்சாங்க. வாய் நெறைய பஞ்சு இருந்ததால தப்பிச்சேன். நீங்க எப்பவும் பஞ்சோட திரிய முடியாது இல்லையா, அதனால என் கதையைக் கேளுங்க.

என் மக கவிதாவுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டிருந்த சமயம். எங்க வீடு பொன்மலையில. எங்க வீட்டுக்காரர் ரயில்வேயில வேலை பார்த்தவரு. வாயைத் தொறக்கவே மாட்டாரு. ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும்னு முடிவு பண்ணிட்டாரு போல. மாப்பிள்ளை வீடு ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம் பக்கத்துல அடுக்குமாடி, மூணாவது மாடி. பையனோட அப்பா திருவெறும்பூர் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில ஃபோர்மேனா இருந்து ஓய்வு பெற்றவரு. மெஷின் சத்தத்துக்கு நடுவுல பேசியே பழகினதால, "நல்லாருக்கீங்களா"ன்னு அவரு கேட்டாலே தூங்கற குழந்தை எழுந்துக்கும். ஆனா தங்கமான மனுஷன். அந்த அடுக்குமாடிச் சங்கத்துக்கு அவருதான் செயலாளர். யாருக்கு என்ன வேணும்னாலும் முன்னால நிப்பாரு. அதுலதான் எனக்கு வந்துச்சு வெனை.

பொண்ணு பார்த்தாச்சு, பிடிச்சுப் போச்சு. கவிதா அடுப்படியில நின்னுக்கிட்டு போன்ல மெதுவா சிரிக்க ஆரம்பிச்சுட்டா. பால் பொங்கி வழியறதுகூட தெரியாம ஒரு சிரிப்பு. எனக்கு அதைப் பார்த்து மனசு நெறஞ்சு போச்சு. ஆனா இன்னும் நிச்சயம் பண்ணலை, தட்டு மாத்தலை. பேசி வெச்சிருக்கோம், அவ்வளவுதான். பொண்ணைப் பெத்தவங்களுக்குத் தெரியும், அந்த இடைப்பட்ட காலத்துல நம்ம முதுகெலும்பை யாரோ கழட்டி எடுத்து வெச்சுடுவாங்க.

சம்பந்தி போன் பண்ணினாரு. இன்னும் சம்பந்தி ஆகலை, ஆனாலும் அப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டோம். "எங்க லிஃப்ட்டுல ஒரு பொம்பளை இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுதும்மா, பெருசுங்களுக்கு ஒண்ணும் வெளங்கலை. சும்மா ரெண்டு வரி தமிழ்ல பேசிக் குடுங்களேன்." பேசிக் குடுத்தேன். அப்புறம் காலையில நடக்கப் போறவங்க எல்லாரும் சேர்ந்து முக்கொம்புக்குச் சுற்றுலா போனாங்க, அதுக்கு ஒரு அழைப்பு. அதுவும் குடுத்தேன். அப்புறம் தண்ணித் தொட்டி கழுவற அறிவிப்பு. அதையும் உருகி உருகிப் பேசினேன். தொட்டி கழுவறதுக்கு அந்தக் கட்டடத்துல சில பேர் கண்ணு கலங்கினாங்களாம்.

இப்ப பாலக்கரை கடைக்கு வரேன். அங்க ஒரு பாய் காபித்தூள் கடை வெச்சிருக்காரு. ஊருக்குள்ள சுத்தற விளம்பர ஆட்டோவுல அவரு கடைக்கு எப்பவும் என் குரல்தான். நம்ம ஊரு விளம்பரத்துல எழுதாத ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. ஒரு சரக்குக்கு ஒரு குரல். ஒரு காபித்தூள் கடைக்குப் பேசினவ இன்னொரு காபித்தூள் கடைக்குப் பேசக் கூடாது. துணிக்கடைக்குப் பேசலாம், பாத்திரக்கடைக்குப் பேசலாம், அது வேற. பாய்கிட்ட இன்னொரு பழக்கமும் உண்டு. புது விளம்பரம் பேசறதுக்கு முன்னாடி ஒரு சின்னத் தட்டுல வெத்தலை, பாக்கு, மேல ஒத்தை ரூபா வெச்சு நீட்டுவாரு. அதான் அச்சாரம். கூலி தனி. "அச்சாரம் வாங்கினதுக்கப்புறம் அந்தப் பேச்சு என்னோடதும்மா"ம்பாரு. மொதல் தடவை அவரு நீட்டினப்ப, "எதுக்கு பாய் இதெல்லாம், இருக்கட்டும்"னு கைய பின்னால கட்டிக்கிட்டேன். பாய்க்குக் கோவம் வந்துருச்சு. "நான் கௌரவமா குடுக்கறேன், நீங்க என்னம்மா பிச்சை போடற மாதிரி திருப்பித் தர்றீங்க"ன்னுட்டாரு. அப்பத்தான் எனக்கு ஒண்ணு ஒறைச்சுது. சும்மா கேக்கறவங்களைக்கூட சமாளிச்சுடலாம். யாராவது குடுக்க வந்தா, யோசிக்கறதுக்குள்ள "இருக்கட்டுங்க"ன்னு தானா வர்ற நம்ம வாய் இருக்கு பாருங்க, அதைச் சமாளிக்கறதுதான் பாடு.

சம்பந்தியோட மச்சான், அதாவது அவரு சம்சாரத்தோட தம்பி, அம்மா மண்டபம் ரோட்டுல புதுசா ஒரு கடை தொறக்கறாருன்னு சொன்னாங்க. என்ன கடைன்னு நான் கேக்கலை. "விளம்பரத்தைச் சென்னையில யாருகிட்டயோ குடுத்துப் பேச வைக்கப் போறான்மா. அதுக்கு முன்னாடி காதால கேட்டா எப்படி இருக்கும்னு பார்க்கணுமாம். மாதிரிதான், சும்மா ரெண்டு வரி"ன்னாரு. எழுதினது வாட்சப்புல வந்துச்சு. எதிரொலி விழாம இருக்க நான் பீரோவைத் தொறந்து, புடவைங்களுக்கு நடுவுல தலையை விட்டுக்கிட்டு, போன்லயே பேசி அனுப்பிட்டேன். நீங்களும் இப்படித்தானே பண்றீங்க, சிரிக்காதீங்க.

இதுல நான் பண்ணின கோளாறு என்னன்னா, அது நம்மள மாதிரி ஆளுங்க மட்டும்தான் பண்ணுவாங்க. எழுதினதைப் பார்த்ததும் எங்க மூச்சு விடணும், எங்க இழுக்கணும், எங்க சிரிச்ச மாதிரி சொல்லணும்னு பார்த்தேன். என்ன எழுதியிருக்குன்னு பார்க்கலை. வாய் படிச்சுச்சு, மண்டைக்குப் போகலை.

ஒரு புதன்கிழமை காலையில பாய் கடையில நிக்கறேன். தீபாவளி விளம்பரம் பத்திப் பேச வரச் சொல்லியிருந்தாரு. மெஷின் ஓடுது, வாசனை ஆளைத் தூக்குது. தெருவுல ஒரு பஸ் நின்னு வழி அடைச்சுக்கிச்சு. அதுக்குப் பின்னால ஒரு விளம்பர ஆட்டோ. நேரா கடை வாசல்லயே மாட்டிக்கிட்டு நிக்குது. ஒலிபெருக்கியில இருந்து ஒரு குரல் தேனா ஒழுகுது. "அம்மா மண்டபம் ரோட்டுல புத்தம் புதுசா! நல்ல காபித்தூளுக்காகப் பாலக்கரை வரைக்கும் போயி அலையாதீங்க, கண்ணுங்களா!"

யாருடா இது, நல்லா இழுக்கறாளேன்னு ஒரு நொடி ரசிச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது. நானேதான்!

பாய் மெஷினை நிறுத்தினாரு. ஆட்டோ நகரவே இல்லை. "அலையாதீங்க, கண்ணுங்களா"ன்னு மறுபடி மறுபடி என் குரலே என் எதிர்ல நின்னு சொல்லுது. காபித்தூள் வாங்க வந்தவங்க என்னையும் ஆட்டோவையும் மாறி மாறிப் பார்க்கறாங்க. பாய் மெதுவா கேட்டாரு: "இப்ப கம்ப்யூட்டர்ல யாரு குரலை வேணும்னாலும் செஞ்சுடறாங்களாமே. உங்க குரலை எவனாவது அப்படிச் செஞ்சுட்டானாம்மா? சொல்லுங்க, இப்பவே போலீசுக்குப் போவோம்."

பாருங்க, தப்பிக்கறதுக்கு வழியை அவரே தொறந்து விடறாரு! ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பாய் என்னைப் பாவம்னு நெனப்பாரு, தீபாவளி விளம்பரம் என்கிட்டயே இருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. ஆனா போலீசு எங்க போயி நிக்கும்? சம்பந்தியோட மச்சான் கடையில. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பொய்யா இருந்தாலும் என் குரலை என்னோடது இல்லைன்னு என் வாயாலயே சொல்லணுமே, அது எனக்கு வரலை. நீங்க நாளைக்கு இந்த மாதிரி ஒரு எடத்துல நிப்பீங்க. இப்ப அந்தச் சாக்கு ரொம்பச் சுலபமா கெடைக்குது. அதை மட்டும் எடுத்துக்காதீங்க. ஒரு தடவை நம்ம குரலை நாமளே இல்லைன்னுட்டா, நாளைக்கு நெசமாவே எவனாவது திருடினா யாரு நம்புவா?

"என் குரல்தான் பாய். மாதிரின்னு கேட்டாங்க, சும்மா பேசிக் குடுத்தேன். கட்டிக்குடுக்கப் போற எடம், மறுக்க முடியலை"ன்னேன்.

பாய் தராசுல இருந்த பொட்டலத்தைக் கட்டி முடிச்சாரு. அப்புறம், "வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்து இங்க உக்காருவேன். அப்ப அந்த ஆட்டோவுல உங்க சத்தம் கேக்கக் கூடாதும்மா. கேட்டுச்சுன்னா நான் வேற குரல் பார்த்துக்கறேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க"ன்னாரு. பாய் மாத்திட்டா துணிக்கடை மாத்தும், பாத்திரக்கடை மாத்தும். வார்த்தை தவறினவன்னு பேராயிடும். வர்ற ஞாயித்துக்கிழமை கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்திகிட்ட போயி நிறுத்தச் சொன்னா, அது நடக்குமோ நடக்காதோ. பொழப்பா, பொண்ணு கல்யாணமான்னு ஆயிருச்சு நெலைமை.

வீட்டுக்கு வந்து கவிதாகிட்ட சொன்னேன். சிரிப்பு நின்னு போச்சு அவளுக்கு. எனக்கு அதைப் பார்க்கத்தான் முடியலை. "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கும்மா"ன்னா. "அதுக்காக என் கல்யாணத்துக்கு உன் வாயை அச்சாரமா வைக்காத. போயிப் பேசு. அதுல உடைஞ்சா, உடைய வேண்டியதுதான்." சொல்லிட்டு உள்ள போயி அழுதா. எங்க வீட்டுக்காரரைப் பார்த்தேன். "ம்"ன்னாரு. போன்னு அர்த்தமா, வேணாம்னு அர்த்தமா, இன்னிய வரைக்கும் தெரியாது.

பஸ் புடிச்சு ஸ்ரீரங்கம் போனேன். லிஃப்ட்டுல ஏறினா, "கதவு மூடுது, கைய உள்ள வெச்சுக்கங்க"ன்னு அன்பா ஒரு குரல். நான்தான். பயந்துக்கிட்டு நிக்கற எனக்கு நானே ஆறுதல் சொல்றேன். "மூணாவது மாடி. பார்த்து எறங்குங்க."

சம்பந்திக்கு என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லு. "ஆட்டோ கேட்டீங்களா? மச்சான் நேத்து ராத்திரி சொல்றான், சென்னை ஆளெல்லாம் எதுக்கு, இதுவே பிரமாதம்னு போட்டுட்டானாம்! ஊரே உங்களைப் பத்தித்தாம்மா பேசுது!" மனுஷன் நெசமாவே எனக்குப் பெருமை சேர்த்துட்டதா நெனச்சுக்கிட்டிருக்காரு. அவரு சம்சாரம் காபி கொண்டாந்தாங்க. "தம்பி கடைத் தூளு, எப்படி இருக்கு?" நல்லாத்தான் இருந்துச்சு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

டம்ளரை வெச்சுட்டு வெவரத்தைச் சொன்னேன். பாய், வழக்கம், ஒத்தை ரூபா அச்சாரத் தட்டு, வெள்ளிக்கிழமை, எல்லாத்தையும். அவரு முகம் சுருங்கிச்சு. "ரெண்டு வரிதானேம்மா. நமக்குள்ள என்ன இதெல்லாம்? சும்மா பேசினதுக்குப் போயி…"

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம புள்ளைங்க விஷயம் இப்ப எப்படி இருக்கு?"

"எப்படின்னா? பேசி வெச்சிருக்கோம்."

"முடிஞ்சிருச்சா?"

"தட்டு மாத்தினாத்தானேம்மா முடிஞ்ச மாதிரி. ஞாயித்துக்கிழமை மாத்திடுவோம்."

"அதுக்குள்ள நான் ஒரு ஆட்டோவைப் புடிச்சு, உங்க புள்ள பேரைச் சொல்லி, இவருதான் எங்க வீட்டு மாப்பிள்ளைன்னு ஒலிபெருக்கி வெச்சு ஊரு பூரா சொல்லிக்கிட்டுப் போலாமா?"

"அதெப்படிம்மா? தட்டு மாத்தாம?" குரல் ஓங்கிருச்சு அவருக்கு.

"அதேதாண்ணே. எங்க தொழில்லயும் தட்டு வெச்சாத்தான் பேச்சு வெளியில போகணும். சும்மா பேசினதை ஊருக்குள்ள விட்டா எனக்கும் அப்படித்தான் இருக்கும். நாளைக்கு நீங்க எத்தனை லிஃப்ட்டு வெச்சாலும் பேசறேன். காதுகுத்துக்கு, கல்யாணத்துக்கு, நானா வந்து பேசறேன். வியாபாரத்துக்கு மட்டும் சும்மா கேக்காதீங்க."

சொல்லிட்டேன். சம்பந்தி முகம் செவந்து, ஒண்ணும் பேசாம எழுந்து பால்கனிக்குப் போயிட்டாரு. அந்த மனுஷன் பேசாம இருந்து நான் பார்த்ததே இல்லை. எப்பப் போனாலும் "சாப்பிட்டுத்தான் போகணும்"னு கையைப் புடிச்சு இழுக்கற அண்ணி, அன்னைக்கு "போயிட்டு வாங்க"ன்னாங்க. அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு, என் புள்ள சிரிப்பை நானே அணைச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டே லிஃப்ட்டுல எறங்கினேன். "தரைத்தளம். நல்லபடியா போயிட்டு வாங்க"ன்னுச்சு. "நீ கொஞ்சம் வாயை மூடு"ன்னு கத்திட்டேன். கீரைக்கட்டோட ஏற வந்த அம்மா ஒருத்தங்க ரெண்டடி பின்னால போனாங்க.

அதுக்கப்புறம் அங்கயிருந்து போனே வரலை. நாங்களும் பண்ணலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் கடைக்குப் போயி ஒரு ஓரமா நின்னேன். பாய் தொழுதுட்டு வந்து உக்காந்தாரு. கொஞ்ச நேரத்துல தெருக்கோடியில அந்த ஆட்டோ. கிட்ட வந்துச்சு.

"அலோ! அலோ! அம்மா மண்டபம் ரோட்டுல புதுக் காபித்தூள் கடை! தூளு நல்லாருக்கும்! வந்து வாங்கிக்கங்க! அவ்வளவுதான்!"

சைக்கிள்ல போனவன் ஒருத்தன் பதறிப்போயி கால் ஊனினான். பாய் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறாரு. "யாரும்மா இது, சண்டைக்குக் கூப்பிடற மாதிரி?"

"என் சம்பந்தி, பாய்"ன்னேன். சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். இன்னும் ஆகலையே. பாய் சிரிப்பை நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்தாரு. "ஆவாரும்மா, இன்ஷா அல்லாஹ்"ன்னு சொல்லி, உள்ளேருந்து சின்னத் தட்டை எடுத்து, வெத்தலை பாக்கு வெச்சு, மேல ஒத்தை ரூபாயை வெச்சு நீட்டினாரு. நான் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன். இருக்கட்டும்னு சொல்லலை.

ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுல எல்லாரும் வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கோம். கவிதா தலை நெறைய பூ வெச்சுக்கிட்டு, கல்லு மாதிரி உக்காந்திருக்கா. வேன் வந்து நின்னுச்சு. மொதல்ல எறங்கினதே சம்பந்திதான். "வழியில ரயில்வே கேட்டு போட்டுட்டான்!"னு அங்கேருந்தே ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு வந்த அழுகையை அடுப்படியில போயி அழுதுட்டு, காபி போட்டேன். பாய் கடைத் தூளும் அவங்க கொண்டாந்த மச்சான் கடைத் தூளும் பாதிப் பாதி. யாரும் குறை சொல்லலை.

பெரியவங்க நிச்சயப் பத்திரிகை படிச்சாங்க, தட்டு மாத்தினோம். புடவை, பழம், பூ எல்லாம் கவிதா கைக்குப் போச்சு. அவ மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தா, அந்தப் பழைய சிரிப்பு வந்துருச்சு. எல்லாரும் எந்திரிக்கப் போனப்ப, சம்பந்தி "கொஞ்சம் இருங்க"ன்னாரு. பையிலேருந்து இன்னொரு தட்டு எடுத்தாரு. சின்னத் தட்டு. வெத்தலை, பாக்கு, மேல ஒத்தை ரூபா. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு என் முன்னால வந்து நின்னாரு.

"அது பொண்ணுக்கு. இது லிஃப்ட்டுக்கு"ன்னாரு.

கூடம் பூரா சிரிச்சுச்சு. நான் மட்டும் சிரிக்கலை. வாயைத் தொறக்கறேன், சத்தம் வரலை. எத்தனை மைக்கைப் பார்த்தவ நான்! ஒரு "சரிங்கண்ணே" வரலை. அப்பத்தான், கல்யாணம் ஆன நாள்லேருந்து நாலு பேர் கூடின எடத்துல வாயே தொறக்காத எங்க வீட்டுக்காரர் தொண்டையைக் கனைச்சாரு. நான் நடுங்கிட்டேன்.

"அட, நமக்குள்ள என்ன சம்பந்தி"ன்னாரு. "அதெல்லாம் எதுக்கு? சும்மா இருக்கட்டும்."

சம்பந்தி அவரை ஏற எறங்கப் பார்த்தாரு. ஃபோர்மேன் குரல் கூரையைத் தொட்டுச்சு.

"நீங்க சும்மா இருங்க சம்பந்தி!"

நானும் இத்தனை காலம் எத்தனையோ பேர் வாயால அந்த வார்த்தையைக் கேட்டிருக்கேன். அதை அவ்வளவு திருத்தமா, இடம் பார்த்து உச்சரிச்சவரு அவரு ஒருத்தருதான். நான் தட்டை வாங்கிக்கிட்டேன்.